புலன் விசாரணையைக் கற்கத் தொடங்குவது எங்கிருந்து?

புலன் விசாரணைப் பணிக்கு வர விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், விடுதலையான ஒரு கொலை வழக்கின் தீர்ப்பை முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்திவரை படியுங்கள் என்பதுதான். தண்டனையில் முடிந்த வழக்கின் தீர்ப்பு நடந்த குற்றத்தைச் சொல்லும். விடுதலையில் முடிந்த தீர்ப்போ, விசாரணை அதிகாரி எந்த நாளில், எந்தத் தாளில், எந்த வரியில் கோட்டைவிட்டார் என்பதைச் சொல்லும். சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் வழங்கும் தீர்ப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்தியன் கானூன் தளத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரையும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவையும் சேர்த்துத் தேடினாலே மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் வரிசையாக வந்து நிற்கும்.

காவல் துறையில் சேர நினைப்பவருக்கும், காப்பீட்டு நிறுவனத்திலோ வங்கியிலோ மோசடிகளைத் துப்புத் துலக்கும் வேலைக்குப் போக நினைப்பவருக்கும் இந்தத் தொடக்கம் பொதுவானது. இரண்டு இடங்களிலும் கடைசியில் எழும் கேள்வி ஒன்றே: உங்களுக்குத் தெரிந்தது இருக்கட்டும், அதை எதைக் கொண்டு காட்டுவீர்கள்?

தீர்ப்பைப் படிக்கும் முறை

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சம்பவம் நடந்த நேரம், காயம்பட்டவர் மருத்துவமனைக்கு வந்த நேரம், புகார் வாங்கிய நேரம், முதல் தகவல் அறிக்கை பதிவான நேரம், அது நீதித்துறை நடுவரின் கைக்குப் போன நேரம், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை, கைது, பொருள்களைக் கைப்பற்றியது என ஒவ்வொன்றையும் தீர்ப்பிலிருந்து பொறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு நேரங்களுக்கு இடையில் விளக்கமில்லாமல் கிடக்கும் இடைவெளி தானாகவே கண்ணில் படும். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இரவு 8.30 மணிக்கு ஒருவர் வெட்டப்படுகிறார். 9.15 மணிக்கு அரசு மருத்துவமனையில் பணியிலிருக்கும் மருத்துவர், அடையாளம் தெரியாத மூன்று பேர் அரிவாளால் வெட்டியதாகக் காயம்பட்டவர் கூறினார் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். 11 மணிக்குப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேரின் பெயர்கள் தகப்பனார் பெயர்களோடு இருக்கின்றன. அந்த அறிக்கை பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள நடுவரிடம் மறுநாள் மாலை 4 மணிக்குப் போய்ச் சேருகிறது. மூன்று பேர் எப்படி ஐந்து பேர் ஆனார்கள், அடையாளம் தெரியாதவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பெயர் எப்படி முளைத்தது, பத்து கிலோமீட்டரைக் கடக்க ஏன் பதினேழு மணி நேரம் ஆயிற்று என்று குறுக்கு விசாரணையில் கேள்விகள் வரும். மருத்துவரின் வேலை சிகிச்சை அளிப்பதுதான், எதிரிகளின் பட்டியலைத் தயாரிப்பது அல்ல என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன; ஆகையால் பதிவேட்டின் ஒரு வரி மட்டும் வழக்கை வீழ்த்திவிடாது. ஆனால் அதோடு தாமதமும் சேர்ந்து, இரண்டுக்கும் விளக்கம் இல்லாமல் போனால், சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போய்விடும். அன்றிரவே மருத்துவரையும் காயம்பட்டவரை அழைத்து வந்தவரையும் விசாரித்து வாக்குமூலம் பதிந்திருந்தாலோ, அறிக்கையைக் கொண்டுபோன காவலரைச் சாட்சியாகச் சேர்த்துத் தாமதத்தின் காரணத்தைச் சொல்ல வைத்திருந்தாலோ இந்த ஓட்டையை அடைத்திருக்கலாம். நான்கைந்து தீர்ப்புகளை இப்படிப் பிரித்துப் பார்த்தவருக்கு, விசாரணை என்பதில் பெரும்பகுதி உரிய நேரத்தில் உரியதை எழுதிவைப்பதுதான் என்பது விளங்கிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் நம் ஊர்த் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும். இரவில் நடந்த சம்பவத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சாட்சி சொல்வார். சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலோ மாதிரி வரைபடத்திலோ அந்த விளக்குக் கம்பம் இருக்காது. மற்றொன்று, எதிரி தானாகவே கிராம நிர்வாக அலுவலர் முன் ஆஜராகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது. முன்பின் அறிமுகமே இல்லாத அலுவலரைத் தேடிப்போய் ஒருவர் ஏன் கொலையைச் சொல்ல வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறார்கள். அப்படியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தீர்ப்புகள் ஓரளவு பழகியதும் உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். குற்ற விசாரணை நடக்கும் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பதே சட்டம். ஒருசில வகை வழக்குகள் மட்டும் மூடிய அறையில் நடக்கும். வழக்கமாக விசாரணை அதிகாரி கடைசிச் சாட்சியாகக் கூண்டேறுவார். அவரை விசாரிக்கும் நாள் எது என்று நீதிமன்ற ஊழியரிடமோ தெரிந்த வழக்கறிஞரிடமோ கேட்டுவைத்துக்கொண்டு அன்றைக்குப் போவது நல்லது.

எந்தச் சட்டத்தை எவ்வளவு படிக்க வேண்டும்

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் ஆகிய மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதாலும், இதுவரை வந்த தீர்ப்புகளில் பெரும்பாலானவை பழைய பிரிவு எண்களிலேயே இருப்பதாலும், இன்னும் சில ஆண்டுகளுக்கு இரண்டையும் தெரிந்துவைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றையும் முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விசாரணைக்கு வருபவர் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவிலிருந்து 196ஆம் பிரிவுவரை ஊன்றிப் படித்தால் போதுமான அடித்தளம் கிடைத்துவிடும்: 173 முதல் தகவல் அறிக்கை, 180 சாட்சிகளை விசாரித்தல், 183 நடுவர் முன் வாக்குமூலம், 187 காவலில் வைத்தல், 192 கேஸ் டைரி எனப்படும் விசாரணை நாட்குறிப்பு, 193 இறுதி அறிக்கை, 194 பிரேத விசாரணை. இவற்றோடு 105ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது, கைப்பேசியில் எடுத்தாலும் போதும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்னும் 176(3)ஆம் பிரிவு, மாநில அரசுகள் அறிவிக்கும் நாளிலிருந்து, ஐந்தாண்டுக் கால வரம்புக்குள், கட்டாயமாகிறது. இந்தத் துறையில் வேலைவாய்ப்பு பெருகும் என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு பிரிவே முக்கியக் காரணம்.

சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவையும் 63ஆம் பிரிவையும் கரைத்துக் குடித்துவிடுங்கள். காவலரிடம் எதிரி கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்பது 23. மின்னணு ஆவணங்களைப் பற்றியது 63. தீர்ப்புகளில், சூழ்நிலைச் சாட்சியத்துக்கான ஐந்து நிபந்தனைகளை வகுத்த 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு, கைதுக்கான நெறிகளைத் தந்த டி.கே. பாசு வழக்கு, முதல் தகவல் அறிக்கை பதிவதைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டின் லலிதா குமாரி வழக்கு, சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனை கூடாது என்ற 2010ஆம் ஆண்டின் செல்வி வழக்கு ஆகிய நான்கையும் படித்திருந்தால், எந்த நேர்முகத் தேர்விலும் திணற வேண்டியிருக்காது.

சம்பவ இடத்தைப் பார்க்கப் பழகுதல்

சம்பவ இடம் என்பது ஒரே இடம் என்று நினைப்பது தொடக்கநிலையில் எல்லோருக்கும் வரும் தவறு. 1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடல் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கொலை நடந்ததோ ஒரு வீட்டுக்குள். மூன்றும் சம்பவ இடங்களே. ஒவ்வொன்றும் தனித்தனி மகஜரும் தனித்தனிப் பாதுகாப்பும் கேட்பவை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தபோது இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா மட்டும் உடையாமல் கிடந்தது. அந்த பிலிம் சுருளில் இருந்த பத்துப் படங்கள்தான் வழக்கின் முதல் பிடிமானமாக அமைந்தன. சிதறிக் கிடந்தவற்றைச் சேகரித்து வெடிகுண்டு இடுப்புப் பட்டையின் அமைப்பை விளக்கியவர், அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் பி. சந்திரசேகரன். யாராவது அந்தக் கேமராவை உடைமை என்று உறவினரிடம் ஒப்படைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் தெரு முனையில் நின்று, அங்கே ஒரு வழிப்பறி நடந்ததாக வைத்துக்கொண்டு, பார்வை மகஜர் ஒன்றை எழுதுங்கள். நிலையான இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மின்கம்பமும் ஒரு வீட்டின் காம்பவுண்டு மூலையும் போதும். மற்ற எல்லாவற்றின் தூரத்தையும் அந்த இரண்டிலிருந்தும் டேப் வைத்து அளந்து குறியுங்கள். திசை, நேரம், வெளிச்சம், சாலையின் அகலம், சுற்றிலுமுள்ள கடைகள், எந்தக் கடையின் சிசிடிவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு அந்த இடத்தை அறியாத நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அதை வைத்து மட்டும் வரைபடம் போடச் சொல்லுங்கள். அவருடைய வரைபடம் எங்கெல்லாம் தவறுகிறதோ அங்கெல்லாம் உங்கள் எழுத்து தவறியிருக்கிறது. சிசிடிவிப் பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று உங்கள் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிவைக்கும் வழக்கத்தையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஏழு நிமிட வித்தியாசம் ஒருவரைச் சம்பவ இடத்தில் நிறுத்தவும் செய்யும், அங்கிருந்து விடுவிக்கவும் செய்யும்.

பொருள்களைக் கையாள்வதைப் பொறுத்தவரை, இரத்தக் கறை படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரத்தில் அழுகிவிடும் என்பது போன்ற அடிப்படை விதிகள் தடய அறிவியல் நூல்கள் எல்லாவற்றிலும் உண்டு. நூல்கள் போதிய அழுத்தம் கொடுக்காதது கைமாற்றுப் பதிவுக்குத்தான். பொருளை யார் எடுத்தார், யாரிடம் எப்போது கொடுத்தார், முத்திரை யார் வைத்தார், நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் போயிற்று, ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் போயிற்று என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், டிஎன்ஏ அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

மின்னணுச் சான்று

இன்றைக்குத் தனியார் துறையில் நுழைய மிக எளிய வாசல் இதுதான். உங்கள் கணினியில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பை உருவாக்கி, விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் (certutil) கட்டளையால் அதன் எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற குறியை, கணக்கிடுங்கள். எண்களும் எழுத்துகளுமாக 64 குறிகள் வரும். கோப்பில் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டால், அடையாளமே தெரியாத வேறு மதிப்பு வரும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதை நிரூபிக்க இதைவிட எளிய வழி இல்லை. அதனால்தான் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் படிவம் இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியை ஆவணத்தை முன்வைப்பவரும் இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே உறுதிசெய்துவிட்டது.

அடுத்து, கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பெற்று, இரண்டின் ஹேஷையும் ஒப்பிடுங்கள். படம் சுருக்கப்பட்டிருக்கும், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள் விவரங்கள் போயிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் சார் என்று சான்றைக் கேட்டு வாங்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது புரியும்.

மனிதர்களிடம் பேசுதல்

சாட்சியை முதலில் தடையில்லாமல் பேச விடுங்கள். முடித்த பிறகு கேளுங்கள். கேள்வி திறந்ததாக இருக்கட்டும். சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான் என்று கேட்டால் ஆமாம் என்ற பதில் கிடைக்கும், ஆனால் அது சாட்சியின் நினைவு அல்ல, உங்கள் ஊகம். அமெரிக்க உளவியலாளர்கள் கைசல்மனும் ஃபிஷரும் 1980களில் உருவாக்கிய நினைவுமீட்பு நேர்காணல் முறையும், இங்கிலாந்தின் காவல் துறை 1990களில் ஏற்றுக்கொண்ட பீஸ் (PEACE) என்னும் நேர்காணல் முறையும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. அடித்து உதைத்தால் உண்மை வரும் என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடிபட்டவன் அடியை நிறுத்தத் தேவையானதைச் சொல்வானே தவிர, நடந்ததைச் சொல்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 179ஆம் பிரிவின் விதியும் நினைவில் இருக்கட்டும்.

அரசுத் துறைக்கான வழிகள்

ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் சார்பு ஆய்வாளர் தேர்வை எழுதலாம். தேர்வானவர்களுக்குப் பயிற்சி வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் பயிற்சியகத்தில் நடக்கும். அறிவியல் பட்டதாரிகளுக்கு விரல்ரேகைப் பிரிவின் சார்பு ஆய்வாளர் பணி தனியாக அறிவிக்கப்படுவது உண்டு; போட்டியாளர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிபிஐ, தேசியப் புலனாய்வு முகமை, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஆகியவற்றில் சார்பு ஆய்வாளராகவும், அமலாக்கத் துறையில் உதவி அமலாக்க அதிகாரியாகவும் சேர மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வே வாசல். ஆய்வகப் பணியை விரும்புகிறவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளைக் கவனித்துவரலாம். அந்தத் துறையின் வேர், 1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்வரை போகிறது.

படிப்பு என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. குற்றவியல் முதுநிலைப் பட்டம் மட்டும் காவல் வேலையைத் தந்துவிடாது என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்ளுங்கள். வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ படித்துவிட்டுத் தடய அறிவியலுக்கு வருபவருக்கு ஆய்வகங்களில் இடம் கிடைப்பது எளிது.

தனியார் துறையில் வேலையும் வரம்பும்

காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தல், வங்கிகளின் மோசடி கண்காணிப்புப் பிரிவு, கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் கணக்குகளுக்குள் மோசடியைத் தேடும் தடயக் கணக்கியல் பிரிவு, பெரிய நிறுவனங்களின் உள் விசாரணை, வேலைக்கு எடுப்பவரின் பின்புலச் சரிபார்ப்பு ஆகியவைதான் இங்கே உண்மையில் ஆள் எடுக்கும் இடங்கள். தனியார் துப்பறியும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவற்றை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஆகவே துப்பறிவாளர் அட்டை என்று யார் எதை விற்றாலும் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. காசு கொடுத்து ஒருவரின் கைப்பேசி அழைப்பு விவரங்களை வாங்குவது, பிறர் கைப்பேசியில் உளவுச் செயலி நிறுவுவது, ஊழியரை அறையில் பூட்டிவைத்து ராஜினாமாவில் கையெழுத்து வாங்குவது ஆகிய மூன்றும் குற்றம். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நீடிப்பார்.

சட்டப்படி கிடைப்பதே ஏராளம். சொத்தின் கைமாற்றங்களை பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் இயக்குநர்களை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும், விற்பனையாளரின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை ஜி.எஸ்.டி. தளத்திலும், நிலுவை வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்திலும் தேடலாம். ஒரு சரக்கு விற்பனையாளர் மூன்று ஆண்டுகளாக விலைப்பட்டியல் அனுப்பியிருக்க, அவருடைய ஜி.எஸ்.டி. பதிவு முதல் ஆண்டிலேயே ரத்தாகியிருந்தால், மேற்கொண்டு எங்கே தோண்டுவது என்று சொல்லத் தேவையில்லை.

கணக்குத் தரவைக் கையாள எக்செல் நன்றாகத் தெரிந்திருப்பது அவசியம். மாதிரிக்கு ஓர் ஊதியப் பட்டியலை நீங்களே உருவாக்கி, வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருக்கும் வரிசைகளையும், விற்பனையாளரின் முகவரியும் ஊழியரின் முகவரியும் ஒன்றாக இருக்கும் இடங்களையும் வடிகட்டிப் பழகுங்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் தாமே ஒப்புக்கொண்ட மோசடியில், கணக்கில் இருந்ததாகக் காட்டப்பட்ட பெருந்தொகை வங்கியில் இல்லை. இருப்பை உறுதிசெய்யும் கடிதங்கள் போலியானவை. நிறுவனம் நீட்டும் வங்கிக் கடிதத்தை நம்பாமல் வங்கியிடமே நேரடியாக உறுதி கேட்டு வாங்குவது என்ற ஒரு பழக்கத்தை அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தேவைப்படுவோருக்கு, பட்டயக் கணக்காளர் என்றால் அவர்களுடைய கழகம் நடத்தும் தடயக் கணக்கியல் சான்றிதழ்ப் படிப்பும், மற்றவர்க்கு மோசடி ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஏ.சி.எஃப்.இ. நடத்தும் சி.எஃப்.இ. தேர்வும் இருக்கின்றன, பின்னதற்குக் கல்வியையும் அனுபவத்தையும் புள்ளிகளாகக் கணக்கிடுவார்கள் என்பதால், படித்து முடித்த கையோடு முயல்வதைவிட, ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு முயல்வது நல்லது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுக்களுக்கு உதவுவதும் இப்போது ஒரு தனித் திறமையாக மதிக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி விசாரணையை 90 நாளுக்குள் முடித்து, அதிலிருந்து 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எழுதும்போது, புகார்தாரர் சொன்னது, எதிர்த்தரப்பு சொன்னது, ஆவணம் காட்டுவது, அவற்றிலிருந்து குழு எட்டிய முடிவு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அதற்கு ஆதாரமான ஆவணத்தின் பக்க எண்ணை எழுதுங்கள். பக்க எண் எழுத முடியாத வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.